ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ‘அன்வைண்ட்’ படிக்கலாமா? இந்தக் கொடூர உலகக் கதைகளில் அப்படி என்ன இருக்கு?

மலர்விழி_கோவை | செவ்வாய், இரவு 11.52

வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்க மட்டும்தான் வருவேன். இன்னைக்கு எழுத வெச்சது என் பொண்ணு.

ஒன்பதாவது படிக்கிறா. ஸ்கூல் லைப்ரரியில இருந்து நீல் ஷஸ்டர்மனோட ‘அன்வைண்ட்’ங்கற நாவலை எடுத்துட்டு வந்தா. 2007ல அமெரிக்காவுல வந்த புத்தகம். ரெண்டு ராத்திரியில முடிச்சா. மூணாவது நாள் மறுபடி முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சா. பாடப் புத்தகத்தை ஒருதரம் திறக்கவே கெஞ்சணும், இதை ரெண்டாந்தரம் படிக்கிறாளேன்னு வாங்கிப் பார்த்தேன்.

கதை இதுதான். கருக்கலைப்பு கூடும், கூடாதுன்னு ரெண்டு தரப்பு மோதி, அது உள்நாட்டுப் போராவே ஆயிடுது. போரை முடிக்க ஒரு சட்டம் வருது. கரு உண்டானதுல இருந்து 13 வயசு வரைக்கும் அந்த உயிரை யாரும் தொடக்கூடாது. ஆனா 13ல இருந்து 18க்குள்ள பெத்தவங்க நினைச்சா பிள்ளையை ‘அன்வைண்ட்’ பண்ணக் குடுத்துடலாம். உடம்பை உறுப்பு உறுப்பாப் பிரிச்சு மத்தவங்களுக்குப் பொருத்திடுவாங்க. எல்லாப் பாகமும் எங்கேயோ உயிரோடதான் இருக்கு, அதனால இது கொலை இல்லையாம்.

ரோலண்டுன்னு ஒரு பையனை மேஜையில படுக்க வெச்சுப் பிரிக்கிற அத்தியாயத்துக்கு வந்தப்ப மணி பதினொண்ணு. அவனுக்கு வலி இல்ல. ஆனா முழு நினைவோட இருக்கான், சட்டப்படி இருந்தாகணுமாம். பக்கத்துல நர்ஸ் நல்லவிதமாப் பேசிட்டே இருக்காங்க. அவன் மனசுக்குள்ள இருந்தே அந்த அத்தியாயம் நகருது, நினைவுன்னு ஒண்ணு மிச்சம் இருக்கிற வரைக்கும். மூடி வெச்சுட்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணி குடிச்சேன். திரும்பி வந்து அவ ரூம்ல லைட்டைப் போட்டுப் பார்த்தேன், நல்லாத் தூங்கிட்டு இருக்கா.

திட்டறதுக்காகக் கேக்கல. இதுல இவங்களுக்கு என்ன கிடைக்குது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முறுக்குமீசை | புதன், காலை 6.10

நாங்க பதினாலு வயசுல பாக்கெட் நாவல் படிச்சோம் சகோதரி. முதல் பக்கத்துலயே பிணம், அட்டையிலயே ரத்தம். இப்ப சொசைட்டி பேங்க்ல கேஷியரா இருக்கேன். யாரையும் வெட்டல.

பழைய_வாத்தியார் | புதன், காலை 9.35

அம்மா, பயம் தேவையில்லை. ஆனால் இந்த வகைப் புத்தகங்கள் மேல் எனக்கு ஒரு பிராது உண்டு. முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இவை எல்லாமே மோசம் இல்லை. லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ 1993ல் வந்தது, மறு ஆண்டு நியூபரி பதக்கம் பெற்றது. பசி, சண்டை, வலி எதுவும் இல்லாத ஊர். முதியவர்களையும் எடை குறைந்த சிசுக்களையும் ‘விடுவிப்பு’ செய்வார்கள். அந்தச் சொல்லின் பொருள் என்னவென்று பன்னிரண்டு வயது ஜோனஸ் தெரிந்துகொள்கிற இடம் இருக்கிறதே, அவன் அப்பா ஒரு பச்சைக் குழந்தைக்கு ஊசி போடுகிற இடம், அங்கே எழுத்தாளர் குரலைச் சற்றும் உயர்த்துவதில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் இதை எடுத்துவிடச் சொல்லிப் பெற்றோர் எத்தனை மனு கொடுத்தார்கள் தெரியுமா? கருணைக்கொலையைச் சொல்லிக் கொடுக்கிறதாம். உண்மையில் அதற்கு எதிராக எழுதப்பட்ட புத்தகம் அது.

என் பிராது இதற்குப் பின் வந்தவற்றின் மேல். கருக்கலைப்பு என்பது கடினமான விஷயம். அதில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் உடல், அவள் வறுமை, அவள் குடும்பம் எல்லாம் இருக்கிறது. ‘அன்வைண்ட்’ அதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, நடக்கவே முடியாத ஒரு சட்டத்தைக் கற்பனை செய்து, பையன்களை ஓடவிடுகிறது. ஆசிரியர் எந்தப் பக்கம் என்று கடைசிவரை தெரியாது. இரண்டு தரப்பாரும் காசு கொடுத்து வாங்கலாம், யாருக்கும் கோபம் வராது. இதைத் துணிச்சல் என்கிறார்கள். நான் வியாபார சாமர்த்தியம் என்பேன்.

இன்னொன்று. ‘ஹங்கர் கேம்ஸ்’ எதைச் சாடுகிறது? சிலர் சாவதை அலங்காரமும் ஒப்பனையுமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் தலைநகரை. 2013ல் இரண்டாவது படம் வந்தபோது அந்தத் தலைநகரின் பெயரிலேயே கவர்கேர்ள் ஒப்பனைப் பொருள் வரிசை விற்பனைக்கு வந்தது. கிண்டல் செய்யப்பட்டவனே அங்காடி திறந்துவிட்டான்.

நிலாப்பெண்02 | புதன், மதியம் 1.20

சார், மரியாதையோட மறுக்கறேன். மலர் அக்கா, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

எல்லாரும் ரோலண்ட் அத்தியாயத்தைத்தான் சொல்வாங்க. நான் பத்தாவது லீவுல படிச்சப்ப என்னைத் தூங்க விடாதது முதல் அத்தியாயம். கதாநாயகன் கானர், தன் அப்பாவோட மேஜையில எதையோ தேடறான். மூணு ஃப்ளைட் டிக்கெட் கிடைக்குது. பஹாமாஸ் டூர். அம்மாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. இவனுக்கு இல்ல. அப்புறம்தான் இவனை அன்வைண்ட் பண்ணக் குடுக்கற ஆர்டர் கண்ணுல படுது. மூணு பிரதி, மூணு கலர், கீழ அப்பா அம்மா கையெழுத்து. பிங்க் கலர் பிரதி பெத்தவங்க வெச்சுக்க.

அவன் அதுக்கப்புறம் சண்டை போடறதில்ல. எதுவும் தெரியாத மாதிரி அவங்க கூட உக்காந்து சாப்பிடறான்.

எனக்கு அப்ப பதினஞ்சு. வீட்ல அப்பா, மாமா, தெரிஞ்ச ஒரு வாத்தியார் மூணு பேரும் ஹால்ல உக்காந்து நான் பயோ-மேத்ஸா கம்ப்யூட்டர் சயின்ஸான்னு பேசிட்டு இருந்தாங்க. ஹாஸ்டல் ஸ்கூல்தான்னு முடிவாயிடுச்சு. நான் காபி கொண்டு போனேன். மேஜையில அட்மிஷன் ஃபார்ம், என் பேர், என் ஃபோட்டோ, அப்பா கையெழுத்து. மாணவர் கையெழுத்துன்னு ஒரு கட்டம் இருந்தது, அது மட்டும் காலி. அப்பா பேனாவை நீட்டி, இங்க போடும்மான்னார்.

அந்த நாவல்ல இருக்கிற ரெண்டு தரப்பும் கெட்டவங்க இல்ல சார். உயிர் முக்கியம்னு ஒரு தரப்பு, உரிமை முக்கியம்னு ஒரு தரப்பு. பெரியவங்க உக்காந்து பேசி ஒரு சமரசத்துக்கு வர்றாங்க. அதுக்கான விலை மட்டும் அந்த ரூம்லயே இல்லாத ஒருத்தன் குடுக்கறான். ஆசிரியர் எந்தப் பக்கம்னு கேக்கறீங்க. எங்க பக்கம்னுதான் எனக்குத் தோணுச்சு.

முறுக்குமீசை | புதன், மதியம் 1.44

பயோ-மேத்ஸ் எடுக்கச் சொல்றதும் ஈரலை எடுக்கறதும் ஒண்ணாம்மா? அடுத்து டியூஷன் ஃபீஸ் கட்டினதுக்கு எங்க மேல கேஸ் போடுவீங்க.

நிலாப்பெண்02 | புதன், மதியம் 1.51

ஒண்ணுன்னு சொல்லல அங்கிள். அந்தப் பேனா ஒரே பேனா மாதிரி இருந்ததுன்னு சொன்னேன். (பயோ-மேத்ஸ்தான் எடுத்தேன். இப்ப பி.ஏ. வரலாறு. அது வேற கதை.)

நெறியாளர் | புதன், மதியம் 2.05

கதை முடிவுகளைச் சொல்லுகிறவர்கள் முதலில் ஒரு வரி எச்சரிக்கை போடவும். ஏற்கெனவே இரண்டு புகார் வந்துவிட்டது. 1993ல் வந்த புத்தகத்துக்கு இதற்குமேல் ரகசியம் காக்க முடியாது, ஆனாலும் விதி விதிதான்.

கணக்குப்பிள்ளை | புதன், இரவு 9.15

எனக்கும் இலக்கியத்துக்கும் தூரம். ஜிஎஸ்டி ஃபைல் பண்ணிச் சாப்பிடுகிறவன். மகனுக்கு வாங்கிக் கொடுத்த ‘ஹங்கர் கேம்ஸ்’ (சூசன் காலின்ஸ், 2008) வீட்டில் கிடந்தது, ஒரு கரண்ட் கட் நாளில் எடுத்தேன்.

வில், அம்பு, காதல் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைப் பிடித்து உட்கார வைத்தது முதல் அத்தியாயத்தில் வரும் கணக்கு. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பையன், ஒரு பெண்ணைக் குலுக்கலில் எடுத்து, ஒருவர் மிஞ்சும் வரை அடித்துக்கொண்டு சாகவிடுகிறார்கள். 12 மாவட்டம், 24 பிள்ளைகள். உனக்கு 12 வயதானதும் உன் பெயரில் ஒரு சீட்டு. 13ல் இரண்டு. 18ல் ஏழு. எல்லோருக்கும் ஒரே விதி. ஆனால் வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லையா, கூடுதலாக ஒரு சீட்டு எழுதிக் கொடு, ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு போ. டெஸரா என்று பெயர். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை சீட்டு எழுதலாம். போன வருஷச் சீட்டு அழியாது, மேலே மேலே கூடும்.

கதாநாயகி காட்னிஸ் வீட்டில் மூன்று பேர். 12 வயசிலிருந்து 16 வரை ஐந்து தடவை, தடவைக்கு மூன்று, ஆக 15. வயசுக்கு உரியது 5. மொத்தம் 20. அவள் நண்பன் கேல் வீட்டில் ஐந்து பேர், அவனுக்கு 18. ஏழு தடவை ஐந்து, 35. வயசுக்கு 7. மொத்தம் 42. நாவலில் கொடுத்திருப்பதும் இதே 20, இதே 42. பேனா எடுத்துச் சரிபார்த்தேன், தொழில் புத்தி. அதே ஊர் மேயர் மகளுக்கு எத்தனை இருக்கும்? ஐந்து. பன்னிரண்டு வயசிலேயே எனக்கு ஆறு இருந்தது என்று கேல் அவளிடம் கடுப்படிக்கிறான். 1 + 5. அதுவும் சரி.

குலுக்கலில் மோசடியே இல்லை, கவனியுங்கள். குடத்துக்குள் யாரும் கை வைத்துத் துழாவவில்லை. யார் யார் பெயர் எத்தனை தடவை விழ வேண்டும் என்பதை ரேஷன் கடையிலேயே முடித்துவிட்டார்கள். அதையும் அவர்கள் செய்யவில்லை, பசித்த பிள்ளையைக் கொண்டே எழுத வைத்தார்கள். நிலாப்பெண் சொன்ன அந்தக் காலிக் கட்டம் ஞாபகம் வந்தது.

வாத்தியார் ஐயா நடக்கவே முடியாத சட்டம் என்றார். நான் பார்க்கிற கடன் பத்திரங்களில் பாதி இந்த டெஸரா மாதிரிதான் இருக்கும். விருப்பப்பட்டு கையெழுத்துப் போட்டதாகத்தான் எல்லாவற்றிலும் எழுதியிருக்கும்.

போகிற போக்கில் ஒன்று. நம்மிடம் இது இல்லாமல் இல்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ விகடனில் தொடராக வந்தபோது வாராவாரம் காத்திருந்து படித்தோம். இன்று கேட்டால் எல்லோருக்கும் ஜீனோ நாய்க்குட்டி ஞாபகம் இருக்கிறது. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதிக்குக் காத்திருக்கும் நிலாவை யாரும் சொல்வதில்லை.

ஐசியூ_நைட்ஷிப்ட் | வியாழன், அதிகாலை 3.30

டூட்டியில் இருக்கிறேன், இடையில் எழுத்து நின்றால் காரணம் அதுதான்.

என் கவலை வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. மூளைச்சாவு ஆனவர்களின் குடும்பத்தோடு உட்கார்ந்து உறுப்பு தானம் பற்றிப் பேசுகிற குழுவில் நானும் உண்டு. போன வருஷம் ஒரு குடும்பத்தில் கல்லூரி மாணவன் ஒருவன், இறந்தவரின் தம்பி, இந்த நாவலைச் சொல்லி மறுத்தான். அண்ணனைப் பிரித்துவிடுவீர்கள், எங்கேயோ அவனுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும் என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த அத்தியாயத்தை எழுதினவர் மேல் அன்று கொஞ்சம் இருந்தது.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை சோதித்து உறுதி செய்தால்தான் மூளைச்சாவு. நாவலில் நடப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளைகளிடம் யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

18 வயசுக்குக் கீழே என்றால் பெற்றவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ்நாட்டில் இது எப்படிப் பரவியது என்று இங்கே பலருக்கும் தெரியும். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் பெற்றோர், இருவருமே டாக்டர்கள், உறுப்புகளைக் கொடுத்தார்கள். இதயம் ஒரு சிறுமிக்குப் போனது. 2023லிருந்து தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. ஒரு தகப்பன் பேனாவை வாங்கிவிட்டு, அதை மூடியோடு வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நிலாப்பெண் சொல்லுகிற பேனா வேறு, அது வேறு.

[மன்னிக்கவும், கூப்பிட்டார்கள். தொடர்கிறேன்.]

சொல்ல வந்தது, இவ்வளவு கோபம் இருந்தும் அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்தேன். ஒன்று மட்டும் அசாத்தியம். சொற்கள். அங்கே யாரும் சாவதில்லை, ‘பிரிந்த நிலையில் வாழ்கிறார்கள்’. கொண்டுபோகிற இடம் ‘ஹார்வெஸ்ட் கேம்ப்’, அறுவடை முகாம். எங்கள் தியேட்டரில் நாங்களும் உறுப்பு எடுப்பதை ஹார்வெஸ்ட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்படிச் சொல்ல வேண்டாம், ரிட்ரீவல் என்று சொல்லுங்கள், வீட்டார் காதில் விழும் என்று மாற்றினார்கள். மாற்றினது நியாயம்தான். ஆனால் அந்த நாவலுக்குப் பிறகு, என் வாயில் வருகிற ஒவ்வொரு நாசூக்கான சொல்லையும் ஒருதரம் திருப்பிப் பார்க்கிறேன். வாத்தியார் சொன்ன ‘விடுவிப்பு’ம் இதே ஜாதிதானே.

தவம்_லண்டன் | வியாழன், காலை 11.02

எல்லாருக்கும் வணக்கம். கதை முடிவு வரும், எச்சரிக்கை.

நான் ஒன்பது வயசிலை இஞ்சை வந்தனான். பள்ளிக்கூடத்திலை எங்களுக்கு மலோரி பிளாக்மன் எழுதின ‘நாட்ஸ் அண்ட் க்ராசஸ்’ வாசிக்கத் தந்தவை. 2001இலை வந்தது. அதிலை உலகம் தலைகீழ். கறுத்த ஆக்கள் ஆளுற சாதி, அவைக்குப் பேர் க்ராஸ். வெள்ளைத் தோல்காரர் நாட், அடிமையா இருந்து வந்த சனம். பிரதமர் பதவிக்கு ஏறிக்கொண்டிருக்கிற ஆளின்ரை மகள் செஃபி, அவையின்ரை வீட்டிலை வேலை செய்தவவின்ரை மகன் காலம் எண்ட பெடியன், ரெண்டு பேருக்கும் சின்ன வயசிலை இருந்தே சிநேகிதம்.

அதிலை ஒரு இடம். பள்ளிக்கூடத்திலை ஒரு நாட் பிள்ளையின்ரை முகத்திலை காயம், பிளாஸ்டர் ஒட்டியிருக்கு. கடும் மண்ணிற பிளாஸ்டர், வெள்ளைத் தோலிலை பளிச்செண்டு தெரியுது. அந்த உலகத்திலை பிளாஸ்டர் எல்லாம் அந்த நிறத்திலைதான் விக்கும். ஆளுற ஆக்களின்ரை தோல் நிறம். செஃபி அப்பதான் முதல் தடவை அதைக் கவனிக்கிறா.

வகுப்பிலை நாங்கள் முப்பது பேர் இருந்திருப்பம். ஆசிரியை அந்தப் பக்கத்தை வாசிச்சுப் போட்டு ஒண்டும் கேக்கேல்லை. நான் என்ரை முழங்காலைப் பாத்தன். முதல் நாள் காற்பந்து விளையாடி உரஞ்சினது, பிளாஸ்டர் ஒட்டியிருந்தனான். ரோசா நிறம். அம்மா மருந்துக்கடையிலை வாங்கினது. எத்தினை வருசமா ஒட்டிறன், ஒரு நாளும் அதுக்கு ஒரு நிறம் இருக்கெண்டு நான் நினைச்சதில்லை. பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரப் பெடியனும் என்ரை முழங்காலைத்தான் பாத்தவன்.

வாத்தியார் ஐயா, நடக்க ஏலாத உலகத்தைக் கற்பனை செய்து நழுவுகினம் எண்டு சொன்னியள். எனக்கு அப்பிடிப் படேல்லை. இனவாதம் கூடாதெண்டு எங்களுக்கு எத்தினை தரம் அசெம்பிளியிலை சொல்லியிருப்பினம்? ஒருத்தரும் காது குடுக்கிறேல்லை. ஒரு பிளாஸ்டர் காணும்.

கருக்கலைப்பும் அந்தப் புத்தகத்திலை வருது. கடைசியிலை காலமுக்குத் தூக்கு. செஃபி கர்ப்பம். அவவின்ரை அப்பா வந்து பேரம் பேசிறார்: பிள்ளையை அழிச்சா அவனைத் தூக்கிலை இருந்து காப்பாத்தலாம். ரெண்டு பேரும் மாட்டன் எண்டுகினம். எங்கடை வகுப்பிலை கத்தோலிக்கப் பிள்ளையள், முஸ்லிம் பிள்ளையள், ஒரு சமயமும் இல்லாத பிள்ளையள் எல்லாரும் இருந்தவை. நீ கருக்கலைப்புக்கு ஆதரவோ எதிர்ப்போ எண்டு கேட்டிருந்தா வீட்டிலை இருந்து கடிதம் வந்திருக்கும். ஆசிரியை கேட்டது ஒண்டே ஒண்டுதான்: இப்பிடி ஒரு பேரத்தைக் கொண்டுவர இந்த மனுசனுக்கு ஆர் உரிமை குடுத்தது? மணி அடிச்ச பிறகும் சண்டை நிக்கேல்லை.

பாங்காக்_பாலு | வியாழன், மாலை 6.40

தவம் அண்ணே, அருமை. நான் புத்தகம் அதிகம் படிச்சவன் இல்ல. பாங்காக்ல எட்டு வருஷம் வேலை பார்த்தேன், பார்த்ததைச் சொல்றேன்.

2014 மே 22 ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது. கூட்டம் கூடத் தடை. கொஞ்ச நாள்ல ரோட்ல சின்னப் பசங்க மூணு விரலைத் தூக்கிக் காட்ட ஆரம்பிச்சாங்க. எனக்கு முதல்ல புரியல, ஏதோ சாரணர் சல்யூட்னு நினைச்சேன். ஆபீஸ்ல ஒரு பொண்ணுதான் சொன்னா, ‘ஹங்கர் கேம்ஸ்’ சைகைன்னு. அந்தக் கதையில அது போராட்டச் சைகையாப் பிறக்கல. பன்னிரண்டாவது மாவட்டத்துல சாவு வீட்ல எப்பவாவது காட்டற பழைய வழக்கம். நன்றி, மரியாதை, பிரியமானவங்களுக்கு விடை.

நவம்பர்ல கோன் கேன் ஊர்ல பிரதமர் பிரயுத் பேசிட்டு இருக்கறப்ப அஞ்சு மாணவர்கள் முன்னால போய் நின்னு மூணு விரலைத் தூக்கினாங்க, பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அடுத்த நாளோ என்னவோ மூணாவது படம் ரிலீஸ். பாங்காக்ல சில தியேட்டர்ல காட்சியே ரத்து. 2020 ஆகஸ்ட்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க காலையில கொடியேத்தி தேசிய கீதம் பாடற நேரத்துல மூணு விரலைத் தூக்கினாங்க. 2021 பிப்ரவரி 1 மியான்மர்ல ராணுவம் வந்ததும் அங்க டாக்டர், நர்ஸ் எல்லாரும் அதே சைகை. அந்த மாசம் 26ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில மியான்மர் தூதர் சோ மோ துன் பேசி முடிச்சுட்டுத் தூக்கினதை டிவியில பார்த்தேன். நரைச்ச மனுஷன், கோட்டு சூட்டு.

நாவல் படிச்சதால போராட்டம் வந்ததுன்னு சொல்ல வரல. அவங்களுக்குக் காரணம் ஏற்கெனவே இருந்தது, கை மட்டும் இங்க இருந்து வந்தது. எங்க ஆபீஸ் பொண்ணு ஒருநாள் டீம் ஃபோட்டோ எடுக்கறப்ப விரலைத் தோள் வரைக்கும் தூக்கினா, பாதியிலேயே இறக்கி முடியைச் சரி பண்ற மாதிரி பண்ணிக்கிட்டா. ஃபோட்டோவுல பார்த்தா முடியைச் சரி பண்றதுதான் விழுந்திருக்கு.

பழைய_வாத்தியார் | வியாழன், இரவு 8.30

பிளாஸ்திரி விஷயத்தில் தவம் என்னை வென்றார். ஒப்புக்கொள்கிறேன். ‘அன்வைண்டை’ நான் பாதியில் வைத்தவன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் டாக்டர் என்னைப் பிடித்துவிடுவார்.

ஆனால் ஒன்று பாக்கி. இந்த நாவல்களில் பிள்ளைகள் எப்போதும் நிரபராதிகள். பெரியவர்கள் எப்போதும் கொடுங்கோலர்கள், அல்லது கோழைகள். பதினைந்து வயதுக்காரனுக்கு இது வெல்லம் மாதிரி இனிக்கும். வகுப்பறையில் முப்பது ஆண்டு நின்றவனுக்குத் தெரியும், கடைசி பெஞ்சில் ஒரு நோஞ்சான் பையனை அழவைத்தவர்கள் எந்த சர்வாதிகாரியின் ஆட்கள் என்று.

நிலாப்பெண்02 | வியாழன், இரவு 9.05

சார், மாட்டிக்கிட்டீங்க. ‘மாக்கிங்ஜே’ படிச்சீங்களா? ‘ஹங்கர் கேம்ஸ்’ கதையில 2010ல வந்த மூணாவது பாகம். எச்சரிக்கை, எச்சரிக்கை, முடிவு சொல்றேன்.

புரட்சி ஜெயிச்சுடுது. புதுத் தலைவி காயின், மிச்சம் இருக்கிற ஏழு பழைய வெற்றியாளர்களைக் கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொல்றாங்க: கடைசியா ஒரே ஒரு தடவை, தோத்துப்போன தலைநகரத்துப் பிள்ளைகளை வெச்சு அதே ஆட்டத்தை நடத்தலாமா? பீட்டா மாட்டேங்கறான். ஆனியும் பீட்டியும் மாட்டேங்கறாங்க. காட்னிஸ் சரின்னு சொல்றா. செத்துப்போன தங்கைக்காக. 4க்கு 3ல தீர்மானம் ஜெயிக்குது.

காயினை நம்ப வெச்சுக் கொல்றதுக்காகத்தான் அவ அப்படிச் சொன்னான்னு ஒரு கூட்டம் சொல்லும். இல்ல, அந்த நிமிஷம் அவளுக்கு உண்மையாவே வேணும்னுதான் இருந்ததுன்னு இன்னொரு கூட்டம். நானும் என் ரூம்மேட்டும் இதுக்காக ஒரு வாரம் பேசிக்கல. புத்தகம் பதில் சொல்லாது. எழுதினவங்க அப்பா விமானப்படையில இருந்து வியட்நாம் போனவர். டிவியில சேனல் மாத்தறப்ப ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோ, ஒரு பக்கம் இராக் போர், ரெண்டும் கலந்து தெரிஞ்சதுலதான் கதை தோணுச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. யாரையும் நிரபராதியா விடற ஆள் இல்ல சார் அவங்க.

பழைய_வாத்தியார் | வியாழன், இரவு 9.22

படிக்கவில்லை. முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டேன். நாளை வாங்குகிறேன்.

முறுக்குமீசை | வியாழன், இரவு 9.24

வாத்தியாருக்கே ஹோம்வொர்க் குடுத்துட்டா பாரு.

மலர்விழி_கோவை | வெள்ளி, இரவு 10.15

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நான் ஒரு கேள்வி போட்டுட்டுப் போனா நீங்க எல்லாம் இவ்வளவு எழுதியிருக்கீங்க. சாயந்திரம் இதை எல்லாம் அவகிட்டயே வாசிச்சுக் காட்டினேன். தவம் அண்ணா எழுதினதை எனக்குச் சரியா வாசிக்க வரல, அவதான் ஃபோனை வாங்கி வாசிச்சா.

அவ சொன்னதை அப்படியே எழுதறேன். ரோலண்ட் அத்தியாயம் பயமா இல்லையான்னு கேட்டேன். பயம்தான், ஆனா அவன் மாட்டேன்னு இருக்கான்லம்மா, அதனால பரவாயில்லைன்னா. அப்ப டிக்கெட்டான்னேன். அந்த அக்கா சொன்னது புரியுது, ஆனா எனக்கு லெவ்னா.

லெவ் யார்னு தெரியாதவங்களுக்கு. பத்துப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல பத்தாவது. சம்பாத்தியத்துல பத்துல ஒண்ணு கடவுளுக்குக் குடுக்கற மாதிரி, இவனைப் பிறந்தப்பவே அன்வைண்டுக்குன்னு நேர்ந்து விட்டுட்டாங்க. பதிமூணாவது பிறந்த நாளுக்குப் பெரிய விருந்து, வெள்ளை டிரஸ், எல்லாரும் கொண்டாடறாங்க. கானர் அவனைக் காப்பாத்தறப்ப அவனுக்குக் கோபம்தான் வருது. சமயம் பார்த்துக் காட்டியும் குடுக்கறான்.

“எல்லாரும் ஓடறாங்க, அவன் மட்டும் சந்தோஷமாப் போறான்மா. அவன்கிட்ட யாரும் கையெழுத்தே வாங்க வேண்டியதில்ல. அவங்க வீட்ல அவன்மேல ரொம்பப் பிரியம். அதனாலதான் மறுபடி படிச்சேன், எந்த இடத்துல அவனுக்குத் தெரியுதுன்னு பார்க்க.”

எந்த இடத்துல தெரியுதுன்னு கேட்டேன். நீயே படின்னுட்டா.

நானும் திரும்ப முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கேன். 2012ல இதுக்கு ரெண்டாம் பாகம் ‘அன்ஹோலி’ வந்திருக்காம், அவ கேக்கறா. இங்க ரெண்டு கடையில விசாரிச்சேன், இல்ல. யார்கிட்டயாவது இருக்கா?

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 10.31

மகனிடம் இருக்கிறது. முதல் நாற்பது பக்கத்தில் சாம்பார் கறை, மன்னிக்கவும். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், திங்கட்கிழமை கொரியரில் போடுகிறேன். அவன் திருப்பிக் கேட்பான், மாசக் கடைசிக்குள் வேண்டும்.